யால பார்த்த கண்களுக்கு க்ரூகர்: வாசகர் கேள்வி பதில்

தென்னாபிரிக்கா, பொட்ஸ்வானா பக்கம் லொட்ஜில் தங்கி, வழிகாட்டியோடு காடு பார்க்கப் போவது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

யாலவுக்குப் பல தடவை போயிருக்கிறோம், சிறுத்தையும் கண்டிருக்கிறோம். இவ்வளவு காசு கொடுத்து ஆபிரிக்காவுக்குப் போக வேண்டுமா? லொட்ஜ் சஃபாரியில் அப்படி என்ன வித்தியாசம்?
வாசகர், வெள்ளவத்தை

சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, காட்டுநாய்க் கூட்டம் எதுவும் இங்கே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய வித்தியாசம் நிலத்தின் சட்டத்தில் இருக்கிறது.

யாலவின் முதலாம் புளொக் ஏறக்குறைய 141 சதுர கிலோமீற்றர். ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்ற செய்தி போனதும் ஜீப்புகள் எல்லாம் அதே பாதையில் வந்து முட்டிக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தென்னாபிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா 19,000 சதுர கிலோமீற்றருக்கும் மேல். ஆனால் அங்கேயும் பொதுப் பகுதியில் பாதையை விட்டு வாகனம் இறங்கக் கூடாது, இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். லொட்ஜ் சஃபாரி பெரும்பாலும் நடப்பது க்ரூகரின் மேற்கு எல்லையை ஒட்டிய தனியார் காப்பகங்களில்: சாபி சாண்ட், டிம்பவாட்டி, க்ளாசெரி. பூங்காவுக்கும் சாபி சாண்டுக்கும் நடுவில் இருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டது. ஆகவே மிருகம் ஒன்றுதான், காடும் ஒன்றுதான், சட்டம் மட்டும் வேறு. தனியார் நிலத்தில் சிறுத்தை புதருக்குள் நுழைந்தால் வாகனமும் பின்னால் நுழையலாம். இரவில் விளக்கோடு ஓடலாம். ஒரு மிருகத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வாகனங்களுக்கு மேல் நிற்பதில்லை. மற்றவை தள்ளி நின்று, வானொலியில் முறை கேட்டு வரும்.

அடுத்தது ஆட்கள். வாகனத்தை ஓட்டும் வழிகாட்டி ஒருவர். பெரும்பாலான நல்ல லொட்ஜ்களில், வாகனத்தின் முன்மூடிக்கு இடப்பக்கம் பொருத்திய தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் ஒருவர். காலையில் மணற்பாதையில் சிறுத்தையின் அடி தெரிந்தால் அவர் முதலில் பார்ப்பது அதன் விளிம்பை. விளிம்பு கூராக இருந்து, இரவுப் பனித்துளியின் குழி அதன் மேல் விழாமல் இருந்தால் அது விடிந்த பிறகு பதிந்த அடி. பூச்சி ஊர்ந்த கோடு அடிக்கு மேலே ஓடினால் பழையது. பிறகு காது கொடுப்பார். யாலவில் புள்ளிமானும் மந்தியும் கத்துவதைக் கேட்டு ஜீப்காரர் திரும்புவாரே, அங்கே அந்த வேலையை இம்பாலா மானின் சீறலும் வெர்வெட் குரங்கின் கத்தலும் செய்கின்றன. வானொலியில் "இங்வே" என்றால் சிறுத்தை, "ங்காலா" என்றால் சிங்கம். ஷங்கான் மொழிச் சொற்கள் இவை. இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள், வழிகாட்டி சொல்லுமுன்பே உங்களுக்கு விளங்கிவிடும்.

சிறுத்தையே பழக்கமான மிருகம் என்றாலும் அங்கே அது வாழும் விதம் வேறு. இலங்கைச் சிறுத்தைக்கு மேலே வேறு பெரிய ஊனுண்ணி இல்லை. அங்கே சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பறித்துவிடும். அதனால் தன் எடைக்குச் சமமான மானையும் அது மரத்தின் மேல் இழுத்துப்போய்க் கவட்டையில் வைக்கிறது. அந்தக் காட்சிக்காகவே போகலாம்.

பதிவு செய்யுமுன் லொட்ஜிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை ஹெக்டேயரில் ஓட உரிமை இருக்கிறது? பாதையை விட்டு இறங்க அனுமதி உண்டா? தனியாகத் தடம் பார்ப்பவர் உண்டா? ஒரு வாகனத்தில் எத்தனை பேர்? நீச்சல் தடாகத்தின் படத்தைப் பிறகு பார்க்கலாம். ஒரு வரிசைக்கு இரண்டு பேர், மொத்தம் ஆறு பேர் என்றால் எல்லோருக்கும் ஓர இருக்கை கிடைக்கும். ஒன்பது, பத்துப் பேர் என்றால் நடுவில் இருப்பவர் பாதி நேரம் மற்றவரின் தோளைத்தான் பார்ப்பார்.

எவ்வளவு செலவாகும்? நான்கு இரவில் நான்கு லொட்ஜ் பார்க்கலாமா?
வாசகி, மட்டக்குளி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். ஓரிடத்தில் மூன்று இரவு தங்குங்கள். மூன்று இரவு என்றால் ஆறு ஓட்டம், அதாவது வாகனத்தில் மிருகம் பார்க்கப் போகும் ஆறு சுற்று. முதல் நாள் மாலை வழிகாட்டி உங்களை அறிவார். இரண்டாம் நாள் காலை எந்தச் சிங்கக் கூட்டம் எந்த ஓடையருகே கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், அதைத் தேடி உங்களைக் கொண்டுபோவார். மூன்றாம் நாள் நீங்கள் கேட்ட மிருகத்துக்காகவே நேரம் ஒதுக்க முடியும். ஒவ்வொரு நாளும் இடம் மாறினால் காலை ஓட்டத்தின் பாதி பெட்டி கட்டுவதிலும், மாலை ஓட்டத்தின் பாதி வந்து சேருவதிலும் போய்விடும்.

விலையை அமெரிக்க டொலரிலோ ராண்டிலோ சொல்வார்கள். அறைக்குச் சொல்லும் விலை அல்ல, ஒருவருக்கு ஓர் இரவுக்கு, அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் என்ற கணக்கு. இதைக் கவனிக்காமல் அறை விலை என்று நினைத்து முற்பணம் கட்டுபவர்கள் உண்டு. எளிமையான லொட்ஜ் 300 டொலர் அளவில் தொடங்கும். பேர்பெற்றவை 1500 டொலரையும் தாண்டும். தனியாகப் போனால் மேலதிகக் கட்டணம் உண்டு.

விலைக்குள் மூன்று வேளைச் சாப்பாடு, நாளுக்கு இரண்டு ஓட்டம், பெரும்பாலும் உடுப்புத் துவைப்பு அடங்கும். அடங்காதவை: காப்பக நுழைவுக் கட்டணம், பாதுகாப்பு வரி, விமான நிலையத்திலிருந்து போக்குவரத்து, சில இடங்களில் குடிபானம், அன்பளிப்பு. இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையைக் கடிக்காத வழியும் உண்டு. க்ரூகருக்குள் அரசின் தங்கும் முகாம்கள் இருக்கின்றன: ஸ்குகூசா, லோவர் சாபி, சட்டாரா. அங்கே குடிசை எடுத்து, பூங்கா நிர்வாகமே நடத்தும் விடியற்காலை, மாலை, இரவு ஓட்டங்களுக்குத் தனியாகச் சீட்டு வாங்கலாம். வாகனம் பெரியது, பாதையை விட்டு இறங்காது. ஆனாலும் வழிகாட்டி படித்தவர், காடு அதே காடு. மூன்று இரவு முகாம், இரண்டு இரவு தனியார் லொட்ஜ் என்று கலந்து போவது நால்வர் குடும்பத்துக்கு நல்ல கணக்கு. கொழும்பில் பழகிய இடப்பக்க ஓட்டம்தான் அங்கேயும். சொந்தமாகக் கார் ஓட்டுவதானால் இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச சாரதிப் பத்திரம் எடுத்துச் செல்லுங்கள். பூங்காவுக்குள் தார்ப்பாதையில் மணிக்கு 50, கிரவல் பாதையில் 40 கிலோமீற்றர்தான் வேக எல்லை.

பாடசாலை விடுமுறையில்தான் போக முடியும். ஓகஸ்டா, டிசெம்பரா?
வாசகர், தெஹிவளை

முதல் தடவை என்றால் ஓகஸ்ட். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே மழையில்லாத குளிர்காலம். இலை உதிர்ந்து புதர் மெலிந்திருக்கும், குளங்கள் வற்றி மிருகம் மீதமுள்ள தண்ணீருக்கு வரும், நுளம்பும் குறைவு. டிசெம்பரில் மழை. புல் இடுப்பளவு வளர்ந்து சிங்கத்தையே மறைத்துவிடும். ஆனால் இம்பாலா குட்டி போடும் காலம் அது, வலசைப் பறவைகள் வந்திருக்கும், நத்தார் வாரத்தைத் தவிர்த்தால் பல லொட்ஜ்களில் விலையும் இறங்கும். பறவை பார்ப்பவர் தயங்காமல் டிசெம்பரில் போகலாம்.

ஓகஸ்டின் ஒரு குறை, விடியற்காலைக் குளிர். தாழ்நிலக் காட்டில் 8, 10 பாகை என்பது நுவரெலியாவில் தாங்கக்கூடியதுதான். கூரையும் கண்ணாடியும் இல்லாத வாகனம் இருட்டில் ஓடும்போது காற்று அதை இன்னும் இறக்கிவிடும். ஒரு தடித்த உடுப்பை விட மூன்று மெல்லியவை நல்லது: பெனியன், நீளக்கை சேட்டு, கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத ஜக்கெட். காதை மூடும் தொப்பியும் கையுறையும் கட்டாயம். பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்குவீர்கள். போர்வையும் சுடுநீர்ப் பையும் பெரும்பாலான லொட்ஜ்கள் தாங்களே வைத்திருக்கும்.

நிறம் காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. இராணுவப் புள்ளியுடுப்பு மட்டும் வேண்டாம். சிம்பாப்வேயிலும் சாம்பியாவிலும் பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம். அந்த இரு நாடுகளின் எல்லையிலுள்ள சாம்பேசிப் பள்ளத்தாக்கில் கடித்து நோய் பரப்பும் செட்சி ஈ உண்டு, கடுநீலமும் கறுப்பும் அதை இழுக்கும்.

மலேரியா மாத்திரை கட்டாயமா? பிள்ளைகளுக்கு 7, 11 வயது. எனக்குச் சின்ன வயதில் வவுனியாவில் மலேரியா வந்தது, இனி வராது என்கிறார் என் தாயார்.
வாசகி, கொட்டாஞ்சேனை

அம்மா சொல்வதை இந்த ஒரு விடயத்தில் நம்ப வேண்டாம். மலேரியா வந்தவருக்குக் கிடைக்கும் எதிர்ப்பு அரைகுறையானது. திரும்பத் திரும்பத் தொற்றாவிட்டால் அதுவும் கரைந்துவிடும். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. ஆகவே இன்று நாங்கள் எல்லோரும் எதிர்ப்பு இல்லாதவர்கள். க்ரூகர்ப் பகுதி, வட பொட்ஸ்வானா, சாம்பியா, சிம்பாப்வே தாழ்நிலம் எல்லாவற்றிலும் உள்ளது பெரும்பாலும் பல்சிபாரம் வகை. சில நாட்களில் உயிரையே எடுத்துவிடக்கூடியது.

மாத்திரைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியாத் தடை இயக்கத்தின் தலைமையகத்துக்கு, புறப்பட இரண்டு மூன்று வாரத்துக்கு முன் கடவுச்சீட்டோடும் பயணத் திட்டத்தோடும் போங்கள். பயணிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். எந்த மருந்து என்பதை வயது, எடை, வேறு வருத்தங்கள் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார். பொதுவாக மூன்று வகை. அட்டோவகோன்-ப்ரொகுவானில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் முன்பு தொடங்கி, தினமும் சாப்பாட்டோடு அல்லது பாலோடு எடுத்து, மலேரியாப் பகுதியை விட்டு வந்தபின் 7 நாள் தொடர வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. டொக்சிசைக்ளின் திரும்பி வந்த பின் 4 வாரம். வெயில் பட்டால் தோல் சிவக்கும், 8 வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை, எனவே உங்கள் சின்னவருக்கு ஆகாது. மெப்லோகுவின் வாரம் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், மன அழுத்தம் அல்லது வலிப்பு இருந்தவர்களுக்கு ஆகாது. மூன்றிலும் நடக்கும் பிழை ஒன்றுதான்: வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவது. கடைசி இரவில் கடித்த நுளம்பின் கிருமி உங்கள் உடம்பில் இருக்கும்போது மருந்து இல்லாமல் போகிறது.

டெங்கு நுளம்புக்குப் பழகிய நாங்கள் பகலில் கவனமாக இருந்துவிட்டு மாலையில் அசட்டையாக இருப்போம். மலேரியா நுளம்பு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. வாகனத்தை நிறுத்திச் சூரியன் மறைவதைப் பார்த்தபடி எதையாவது குடிக்கும் நேரம் சரியாக அதன் நேரம். ஐந்து மணிக்கே நீளக்கை, நீளக்காற்சட்டை, காலுறை. திறந்த தோலில் 30 சதவீதமாவது டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டி உள்ள பூச்சு.

திரும்பி வந்த ஒரு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக "ஆபிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லி, மலேரியா இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும், அதில் இழக்கும் இரண்டு நாள் மிகப் பெரியது. எங்கள் ஊரில் மலேரியாவைக் கடத்தும் நுளம்பு இன்னும் இருக்கிறது. ஒருவர் கொண்டுவரும் கிருமி அயலுக்கும் பரவலாம்.

காய்ச்சலோடு தோலில் கறுத்த பொருக்குப் புண் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். புல்லில் நடந்தபின் இடுப்பு, முழங்கால் மடிப்பு, காலுறை விளிம்பைத் தினமும் பாருங்கள்.

மாத்திரையே வேண்டாம் என்றால் மலேரியா இல்லாத காப்பகங்கள் தென்னாபிரிக்காவில் உண்டு. பொட்ஸ்வானா எல்லையில் உள்ள மடிக்வே ஏறக்குறைய 750 சதுர கிலோமீற்றர். பயன் குறைந்த பண்ணை நிலத்தை மீட்டு, 1990களில் 8000க்கு மேற்பட்ட மிருகங்களைக் கொண்டுவந்து விட்டு உண்டாக்கிய காடு அது. சிங்கம், யானை, காட்டுநாய், காண்டாமிருகம் எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போவோருக்கு எங்கள் முதல் தெரிவு. பல லொட்ஜ்கள் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பொது வாகனத்தில் ஏற்றுவதில்லை என்பதையும், நடைப் பயணத்துக்கு 12 அல்லது 16 வயது கேட்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி?
வாசகர், வத்தளை

கொழும்பிலிருந்து டுபாய் அல்லது டோஹா வழியாக ஜொகன்னஸ்பேர்க் போனால் தேவையில்லை. கென்யாவையும் சேர்த்தாலோ, நைரோபி விமான நிலையத்தில் 12 மணிநேரத்துக்கு மேல் நின்றாலோ தென்னாபிரிக்கா சான்றிதழ் கேட்கும், திரும்பும்போது கட்டுநாயக்கவிலும் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடலாம். பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருந்தால்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

விசாவில் கவனிக்க வேண்டியது என்ன?
வாசகர், நுகேகொடை

இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தென்னாபிரிக்க விசா வேண்டும். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜொகன்னஸ்பேர்க்கில் இறங்கி, பொட்ஸ்வானாவுக்கோ விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கோ போய், மீண்டும் ஜொகன்னஸ்பேர்க் வழியாக வீடு திரும்புவதென்றால் அது இரண்டு நுழைவு. ஒரு தடவை நுழையும் விசா எடுத்தவர் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வார். விண்ணப்பத்திலேயே பல தடவை நுழையும் விசா கேட்டு, இரு நாட்டு லொட்ஜ் பதிவுகளையும் இணையுங்கள். மற்ற நாட்டின் விசாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். கடவுச்சீட்டில் எதிரெதிரான வெற்றுப் பக்கங்கள் இரண்டாவது இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குத் தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழை, தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கிக் கையில் வைத்திருங்கள். ஒரு பெற்றோர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சத்தியக்கடதாசியும் வேண்டும்.

காப்புறுதி வாங்கும்போது, காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். பல லொட்ஜ்கள் இதைக் கட்டாயமாகவே கேட்கும்.

சிறிய விமானத்தில் 20 கிலோதானாம். சமாளிக்க முடியுமா?
வாசகி, பம்பலப்பிட்டி

முடியும். பொட்ஸ்வானாவில் பன்னிரண்டு பேர் வரை ஏறும் செஸ்னா கரவன் போன்ற விமானம் உங்களை மண் ஓடுபாதையில் இறக்கும். பொதிகள் விமானத்தின் வயிற்றுக்கடியில் உள்ள சின்ன அறைக்குள் கையால் திணிக்கப்படும். அதனால் எடையைவிட முக்கியம் பையின் வடிவம். சில்லு வைத்த கடினப் பெட்டி எடை குறைவாக இருந்தாலும் உள்ளே போகாது. சட்டகமில்லாத மெல்லிய துணிப்பை வேண்டும், நீளம் 60 சென்ரிமீற்றர் அளவில். 20 கிலோ என்பது கைப்பை, கமரா எல்லாம் சேர்த்து. சில நிறுவனங்கள் 15 என்கின்றன. கமரா கூடினால் பொதிக்கென ஓர் இருக்கையே வாங்கலாம். கடினப் பெட்டியை ஜொகன்னஸ்பேர்க்கிலோ பொட்ஸ்வானாவின் மவுன் நகரிலோ விட்டுச் செல்ல ஒழுங்கு உண்டு.

தினமும் உடுப்புத் துவைத்துத் தருவார்கள், மூன்று மாற்றுடுப்புப் போதும். பல முகாம்களில் உள்ளாடை மட்டும் துவைப்பதில்லை. அறையில் சவர்க்காரத் தூள் வைத்திருப்பார்கள், கழுவிப் போட்டால் அந்தக் காய்ந்த காற்றில் இரண்டு மணிநேரத்தில் உலரும்.

இந்த விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். பிற்பகல் ஜொகன்னஸ்பேர்க்கில் இறங்குபவர் அன்றே முகாமுக்குப் போக முடியாது. ஓர் இரவு அங்கே தங்குவதாகவே திட்டமிடுங்கள்.

நாங்கள் முழுச் சைவம், முட்டையும் இல்லை. பட்டினி கிடக்க நேருமா?
வாசகி, வெள்ளவத்தை

இல்லை. ஆனால் வெறுமனே மரக்கறிக்காரர் என்று எழுதினால் முட்டையும் சில வேளை மீனும் வரும். இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின், இறைச்சி எலும்புச் சாறு எதுவும் கூடாது, பாலும் தயிரும் சரி என்று வரிசையாக எழுதி ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். தூர முகாம்களுக்குச் சாமான் லொறியிலோ விமானத்திலோ குறித்த நாளில்தான் வரும். வந்து இறங்கியபின் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார், பாவம். டேர்பன் பக்கத் தமிழரும் குஜராத்தியரும் தலைமுறைகளாக வாழும் நாடு அது, பருப்புக் கறியும் சோறும் அவர்களுக்குப் புதிதல்ல. ஹலால் சாப்பாட்டுக்கும் இதே முறைதான்.

கவனிக்க வேண்டியவை: மாலை இடைவேளையில் நீட்டும் பில்டொங் காய்ந்த இறைச்சி. விடியற்காலைக் கோப்பியோடு வரும் ரஸ்கில் முட்டை இருக்கக்கூடும். சோளமாவில் கிண்டும் பாப் களியைத் தைரியமாகச் சாப்பிடலாம், எங்கள் குரக்கன் களிக்கு உறவு. வீட்டிலிருந்து முறுக்கு, பருத்தித்துறை வடை கொண்டுபோனால் கூடாரத்தில் வைக்காமல் முகாம் சமையலறையில் கொடுத்து வையுங்கள். பபூன் குரங்கு சிப்பைத் திறக்கும், திறக்க முடியாவிட்டால் துணியைக் கிழிக்கும்.

கதவில்லாத வாகனத்தில் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். பயமில்லையா? எனக்கு 68 வயது, முழங்கால் வலியும் உண்டு.
வாசகர், கண்டி

அந்த மிருகங்கள் குட்டியாக இருக்கும்போதே வாகனத்தைப் பார்த்து வளர்ந்தவை. வாகனமும் அதிலிருப்போரும் சேர்ந்து ஒரே பெரிய உருவம், இரையும் அல்ல, எதிரியும் அல்ல. நீங்கள் எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் உடைந்து அதிலிருந்து ஒரு மனிதன் பிரிந்து தெரிவான். "எழும்ப வேண்டாம், சத்தம் வேண்டாம்" என்று முதல் ஓட்டத்தில் சொல்வது இதனால்தான்.

யானையைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம். ஆபிரிக்க யானை உயரம் கூடியது, பெண்ணுக்கும் பெரும்பாலும் தந்தம் உண்டு. மதம் பிடித்த ஆணின் கன்னத்தில் நீர் வடிவது மட்டும் இங்கே போலத்தான். காதை விரித்துத் தலையை உலுப்பினால் அது எச்சரிக்கை, வழிகாட்டி வாகனத்தைப் பின்னெடுப்பார். இங்கே ஜீப்காரரிடம் கொஞ்சம் காசு கூட்டிக் கொடுத்து "இன்னும் கிட்டப் போங்கோ" என்று கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அங்கே தயவுசெய்து அதைக் கேட்க வேண்டாம். மிருகம் இடம் விட்டு விலகினால் அந்தக் காட்சி உங்களுக்கும் இல்லை, முறை பார்த்து நிற்கும் அடுத்த வாகனத்துக்கும் இல்லை.

வேலியில்லாத முகாமில் இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டிடத்துக்குத் தனியாக நடக்கக் கூடாது. பணியாளர் விளக்கோடு வந்து கூட்டிப்போவார். நீர்யானை இரவில்தான் புல் மேயக் கரையேறும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்பது ஆபத்து.

முழங்காலுக்கு: வாகனத்தில் ஏறப் படி உயரம், ஏணி கேளுங்கள், வைத்திருப்பார்கள். இருக்கை மூன்று வரிசை, பின்னுக்குப் போகப் போக உயரம் கூடும். கடைசி வரிசையில் காட்சி நல்லது, தூக்கிப் போடுவதும் அங்கேதான் அதிகம். நீங்கள் முன்வரிசையில் இருங்கள். ஓட்டம் மூன்று நான்கு மணிநேரம், நடுவில் ஓர் இடைவேளை. மலம் சலம் அவசரமானால் கூச்சப்படாமல் சொல்லலாம், வழிகாட்டி இடம் பார்த்து நிறுத்துவார். கொழும்பைவிட அங்கே மூன்றரை மணிநேரம் பிந்திய நேரம். அவர்களின் காலை ஐந்து உங்கள் உடம்புக்கு எட்டரை. எழும்புவது சுலபம், இரவு எட்டுக்கே தூக்கம் வருவதுதான் சிக்கல்.

கமராவுக்கு எந்த லென்ஸ்?
வாசகர், யாழ்ப்பாணம்

100–400 மில்லிமீற்றர் ஒன்று எல்லாவற்றுக்கும் போதும். வாகனம் மிருகத்துக்குக் கிட்டப் போவதால் 600 பல நேரம் கூடிவிடும். முக்காலி வாகனத்துக்குள் விரியாது. ஒரு வெற்றுத் துணிப்பையைக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ நிரப்பிக் கம்பியின் மேல் வைத்து லென்ஸைச் சாயுங்கள். ஓடும் மிருகத்துக்கு 1/1000 வினாடிக்குக் குறையக் கூடாது. அந்தியில் ஐஎஸ்ஓ 3200, 6400 வரை ஏற்றத் தயங்க வேண்டாம், குறுணை விழுந்த படம் ஆடிய படத்தைவிட நல்லது. ஃபிளாஷ் வேண்டாம். இரவில் தடம் பார்ப்பவர் விளக்கைச் சிங்கத்தின் மேல் பிடிப்பார், மானின் மேல் பிடிக்க மாட்டார். கண் கூசி நிற்கும் மான் அடுத்த நிமிடம் யாருக்காவது இரையாகிவிடும் என்பதால். புழுதியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ட்ரோன் எங்குமே அனுமதியில்லை.

லென்ஸில் செலவழிக்கக் காசில்லை என்றால் ஆளுக்கொரு 8x42 தொலைநோக்கி வாங்குங்கள். எங்கள் கருத்தில் அதுதான் முதல் செலவு.

பிளக்கைத் தேடி அலைய வேண்டாம். எங்கள் பழைய வீடுகளில் இருந்த பெரிய மூன்று உருண்டை முனை 15 அம்பியர் பிளக்தான் தென்னாபிரிக்காவின் வழமையான பிளக், மின்னழுத்தமும் 230 வோல்ற். சூரிய மின்சாரத்தில் ஓடும் முகாம்களில் தலைமுடி உலர்த்தி வேலை செய்யாது.

அன்பளிப்பு எவ்வளவு?
வாசகர், கொழும்பு 6

வழிகாட்டிக்கு ஒருவருக்கு ஒரு நாளுக்கு 10 முதல் 20 டொலர், தடம் பார்ப்பவருக்கு அதில் பாதியாவது, மற்றப் பணியாளர்களுக்குப் பொதுப் பெட்டியில் 5 முதல் 10. தினமும் அல்ல, புறப்படும் நாளில், உறையில். தடம் பார்ப்பவரை மறந்துவிடுகிறார்கள். சிறுத்தையைக் கண்டது அவர் கண்.

ஒக்கவாங்கோவில் மழையில்லாத மாதத்தில் வெள்ளம் வருமாமே?
வாசகி, திருகோணமலை

ஆம். மழை பெய்வது அங்கோலாவின் மேட்டுநிலத்தில், ஆண்டின் தொடக்க மாதங்களில். அந்தத் தண்ணீர் சமநிலத்தில் மெதுவாக நகர்ந்து, பாப்பிரஸ் நாணலுக்குள் வடிந்து, பொட்ஸ்வானாக் கழிமுகத்தில் பரவ மாதக்கணக்கு ஆகும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது, அங்கே தண்ணீர் உச்சம். கடலைச் சேராமல் கலகாரி மணலிலும் வெயிலிலும் முடிந்துவிடும் ஆறு இது. 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது. மொகோரோ என்ற ஒடுங்கிய தோணியில், பின்னால் ஒருவர் கோலூன்றித் தள்ள, ஆம்பல் பூக்களுக்கு நடுவே போகலாம். முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பைபர்கிளாஸ். மரமும் மிஞ்சும்.

ஆனால் தண்ணீர் முகாம் ஒன்றை மட்டும் பதிவு செய்துவிட்டுச் சிங்கத்தைத் தேடாதீர்கள். வெள்ள உச்சத்தில் சில முகாம்களில் வாகனம் ஓட நிலமே இராது. இரண்டு இரவு தண்ணீர், மூன்று இரவு தரை என்று பிரித்துக் கேளுங்கள். யானைதான் வேண்டும் என்றால் வட பொட்ஸ்வானாவின் சோபே ஆற்றங்கரை. மின்னேரியாவில் கூட்டம் பார்த்தவருக்கும் அங்கே படகில் இருந்து, நீந்தும் யானையை நீர்மட்டத்தில் பார்ப்பது புதிது.

காண்டாமிருகத்தின் படத்தைப் போட வேண்டாம் என்கிறார்கள். ஏன்?
வாசகர், மட்டக்களப்பு

படம் போடலாம், இடம் போடக் கூடாது. கைத்தொலைபேசியின் படத்துக்குள் இடக்குறிப்புத் தானாகப் பதியும். கொம்புக்காகக் கொல்பவர்களுக்கு அது போதும். காப்பகத்துக்குள் நுழையுமுன்பே கமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். லொட்ஜின் பெயரைக் குறிப்பிட்டு அன்றே பகிர்வதையும் தவிருங்கள். வழிகாட்டிகளும் வானொலியில் காண்டாமிருகம் நிற்கும் இடத்தைச் சொல்லும்போது கவனமாகவே இருப்பார்கள்.

நீங்கள் காணும் மிருகத்துக்குக் கொம்பு இல்லாமலும் இருக்கலாம். மயக்கி, வேர்ப்பகுதியை விட்டு வெட்டி எடுக்கிறார்கள். நகம் போன்ற பொருள்தான் அது, வலிக்காது, மீண்டும் வளரும், சில ஆண்டுக்கொருமுறை திரும்ப வெட்ட வேண்டும். அகன்ற சதுர வாயோடு தலை குனிந்து புல் மேய்ந்தால் வெள்ளைக் காண்டாமிருகம். கூரான மேலுதட்டால் புதரின் இலையைப் பற்றி இழுத்தால் கறுப்பு. தோலின் நிறம் இரண்டுக்கும் சாம்பல்தான், வாயைப் பாருங்கள்.